நனையாத சட்டை

— வாயை மூடு. நாக்குக்கு அடியில இருக்கட்டும். மூணு நிமிஷம் பேசக் கூடாது, சரியா?

— ம்.

— நல்ல ஏற்பாடு சிஸ்டர். எங்க வீட்லயும் இதுல ஒண்ணு வாங்கி வைக்கணும். என் மருமக மூணு நிமிஷம் வாய் பேசாம இருந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— ம்ம்!

— மேஸ்திரி, அவளைச் சிரிக்க வைக்காதீங்க. தெர்மாமீட்டர் கடிபட்டா யார் பதில் சொல்றது?

— நான் எங்க சிரிக்க வச்சேன்? அவ சட்டையைப் பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வரும். உலை முன்னாடி ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தாளா, இல்ல கிணத்துல விழுந்து எழுந்து வந்தாளா? பிழிஞ்சா அரை வாளி தேறும்.

— நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?

— நின்னேனே. என் சட்டையைப் பாருங்க. இஸ்திரி மடிப்புகூடக் கலையல. இருபத்தாறு வருஷம் சிஸ்டர். இந்தப் பாட்டில் உலை முன்னாடி இருபத்தாறு வருஷம். நனைஞ்ச சட்டையோட என்னைப் பாத்தவன் ஒருத்தன் இருந்தா வரச் சொல்லுங்க.

— அதான் ஊரே சொல்லுதே.

— சும்மா சொல்லுமா? சூடு நம்மைப் பாத்துப் பயப்படணும். இவளைப் பாத்தா சூட்டுக்கே பாவமா இருக்கும். ஒன்பது நாளா தினம் ஒழுகுறா. நாளைக்குப் பத்தாவது நாள். ஏம்மா, வீம்புக்கு நின்னு என்ன ஆகப் போகுது? பேக்கிங்ல ஆறின பாட்டிலை அட்டைப்பெட்டியில அடுக்கிட்டு நிம்மதியா இருந்தவதானே நீ?

— ம்ம்ம்.

— என் பிள்ளையே ஆறாவது நாள் சுருண்டு விழுந்தான். என் ரத்தம் அவன். அவனாலேயே முடியல. இப்போ லேபிள் ஒட்டுற ரூம்ல ஏசியில உக்காந்திருக்கான். வெளியிலிருந்து வந்தவ நீ, உன்னால முடியுமா?

— ம்ம்ம்ம்!

— ஆச்சு, ஆச்சு. எடுத்துடறேன். முப்பத்தெட்டு பாயிண்ட் ரெண்டு. முப்பத்தெட்டரையைத் தாண்டினாத்தான் வீட்டுக்கு அனுப்பணும். இவ இன்னிக்கு அதைத் தொடவே இல்ல. இப்போ பேசும்மா.

— தண்ணி குடுங்க சிஸ்டர் முதல்ல. அப்புறம் மாமாவுக்குப் பதில்.

— குடி, முழுசாக் குடி. எடை பாத்தேன். ஒன்றரை லிட்டர் வெளிய போயிருக்கு.

— மாமா, முதல் நாள் என் உடம்புச் சூடு எவ்வளவு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— எனக்கு எதுக்கு அதெல்லாம்?

— சரியா முப்பத்தெட்டரை. இன்னும் ஒரு நூலு ஏறியிருந்தா அன்னிக்கே பேக்கிங்குக்கு அனுப்பியிருப்பீங்க. தலை வெடிச்சுப் போச்சு. வேர்வை கண்ணுல இறங்கி அப்படி எரிஞ்சுது. ராத்திரி சட்டையைக் காயப் போட்டா, முதுகுல வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்குது, வரைபடம் மாதிரி. நேத்து அதே சட்டை, அதே கொடி. ஒரு வெள்ளைக் கோடு இல்ல. வேர்வை மட்டும் ரெண்டு மடங்கு. கண்ணும் எரியல. ஏன் சிஸ்டர்?

— உன் உடம்பு கத்துக்கிச்சும்மா. முதல் நாள் திடீர்னு இப்படிச் சூடு வந்ததும் அதுக்கு ஒண்ணும் புரியல. வேர்க்கவும் லேட்டா ஆரம்பிச்சுது, வேர்வையோட உப்பையும் அள்ளிக் கொட்டிடுச்சு. தினம் அதே சூடு வரவும், சீக்கிரமே வேர்க்கணும், நிறைய வேர்க்கணும், ஆனா உப்பை உள்ளயே பிடிச்சு வச்சுக்கணும்னு தெரிஞ்சுக்கிச்சு. அதுக்குத்தான் இந்தப் பத்து நாள், சரியா?

— யாரும் சொல்லிக் குடுக்காமயா?

— யாரும் சொல்லிக் குடுக்காம. மூளைக்கு அடியில பாதாம் பருப்பு அளவுக்கு ஓர் இடம் இருக்கு. முப்பத்தேழு, முப்பத்தேழுன்னு அது ஒரே பிடியா நிக்கும். சூடு ஏறினா ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், அதான் முகம் சிவக்குது. அப்புறம் வேர்க்க விடும். அந்த வேர்வை காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துட்டுப் போகும்.

— கேட்டீங்களா மாமா? நான் ஒழுகல. என்னை நானே ஆத்திக்கிறேன். எனக்கே என் உடம்பைப் பாத்தா பெருமையா இருக்கு. இத்தனை நாள் இதைக் கறுப்பு, குட்டைன்னு மட்டும்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— பாடம் நல்லாத்தான் இருக்கு. அப்போ எனக்கு வேர்க்காம எப்படி ஆறுது? அதுக்கு உங்க பாதாம் பருப்பு என்ன சொல்லுது சிஸ்டர்?

— அதுதான் எனக்கும் புரியல. ஒரு நாளாவது வாயில இதை வச்சுக்கோங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க.

— அளக்கறது ஆளை. மேஸ்திரியை இல்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க, நாக்கு மேல அண்ணத்துல ஒட்டுது.

— இது மூணாவது டம்ளர். இந்தாங்க, இன்னிக்குக் கையெழுத்தையும் போட்டுடுங்க.

— எங்க? என்ன இது, எறும்பு ஊர்ற மாதிரி மங்கலா அச்சடிச்சிருக்கான்!

— போன வாரம் இதே காகிதத்தைப் படிச்சுக் காட்டினீங்களே.

— கண்ணாடி மாத்தணும். வயசாகுதுல்ல?

— ஒண்ணு சொல்லணும் மேஸ்திரி. முன்னல்லாம் அரை மணிக்கு ஒரு தடவை காணாமப் போயிடுவீங்க. பேக்கிங்ல எல்லாரும், மேஸ்திரிக்குச் சர்க்கரை, பாத்ரூம் போறார்னு பேசிக்குவாங்க. இந்த ஒன்பது நாளா இடத்தை விட்டு அசையலையாமே?

— மருமக நிக்கும்போது நான் எங்க போறது? எங்க திரும்பினாலும் ரெண்டு கண்ணு பின்னாலயே வருது.

— உங்களைப் பாத்துக் கத்துக்கத்தான் மாமா.

— கத்துக்கோ, கத்துக்கோ. ஆனா ஒண்ணு. நாளைக்கு மஞ்சக் கோட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் குறைஞ்சாலும், ஒரு கால் வெளிய வந்தாலும், உலை வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷம் வரைக்கும் அட்டைப்பெட்டிதான். மருமகன்னு பாக்க மாட்டேன்.

— பாக்காதீங்க மாமா. நானும் மாமனார்னு பாக்க மாட்டேன்.

*

— சத்தமாப் பேசு! பாட்டில் ஊதற சத்தத்துல ஒண்ணும் கேக்கல!

— ஒண்ணே முக்கால் மணி ஆச்சு மாமா! இன்னும் கால் மணிதான்னு சொன்னேன்!

— ஆமா, பெரிய சாதனை! நான் பொறந்ததிலிருந்து நிக்கிறேன்!

— மாமா, இன்னிக்கு உலை ரொம்ப அழகா இருக்கு, பாருங்களேன்! பேக்கிங் ஜன்னல்லருந்து பாத்தா வெறும் சிவப்புதான் தெரியும். இங்கருந்து பாத்தா அந்த உருகின கண்ணாடித் துளி விழறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்குது. மாம்பழம் மாதிரி. நிக்குது, யோசிக்குது, அப்புறம் அச்சுக்குள்ள விழுது.

— அதை... அதை நானும் பாத்திருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

— ஏன் சொல்லல?

— மேஸ்திரி போய் மாம்பழம், கீம்பழம்னு... இங்க யாரு கதவைத் திறந்து போட்டது? குளிருது.

— என்னது?

— குளிருதுங்கறேன். கதவைச் சாத்து.

— மாமா, உலை முன்னாடி நிக்கிறோம். குளிருதா?

— பாட்டில் எத்தனை போச்சு இன்னிக்கு? நாப்பது. இல்ல, நானூறு. உங்க அத்தை டீ கொண்டு வந்தாளா?

— அத்தை போயி மூணு வருஷம் ஆச்சு மாமா. என்னைப் பாருங்க. இங்க, என் முகத்தைப் பாருங்க.

— தம்பி... லேபிள் ரூம்லருந்து நீ எப்படா வந்தே? தள்ளி நில்லு, கண்ணாடி தெறிக்கும்.

— கையைக் குடுங்க. ஐயோ, தோசைக்கல்லு மாதிரி இருக்கு! நெத்தியில ஒரு பொட்டு ஈரம் இல்ல. மாமா, உங்களுக்கு வேர்க்கவே இல்ல!

— அதான் சொன்னேன்ல. நமக்கு வேர்க்காது.

— வாங்க, வெளிய போகலாம். கையை என் தோள்ல போடுங்க.

— கோடு! கோட்டைத் தாண்டாதே! பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு, கையெழுத்து கிடையாது, சொல்லிட்டேன்!

— தெரியும் மாமா. கால் எடுத்து வையுங்க. வரலையா? சரி, முதுகுல சாயுங்க. சாயுங்க, நான் பிடிச்சுக்கறேன். அண்ணே! அந்தப் பெரிய ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க! சிஸ்டரைக் கூப்பிடுங்க, ஐஸும் தண்ணியும் எடுத்துட்டு ஓடி வரச் சொல்லுங்க!

— நேரம் போகுது தம்பி... நில்லுடா... விழாதடா...

— விழ மாட்டேன். உங்களையும் விழ விட மாட்டேன். இதோ, படுங்க. காலரை விடுங்க, இஸ்திரி கலைஞ்சா கலையட்டும்.

— என்ன பண்றே? என்னத்தைப் போத்துறே? ஈரமா இருக்கு...

— என் சட்டை மாமா. உள்ள பனியன் போட்டிருக்கேன், பேசாம படுங்க. உங்க உடம்பு வேர்க்க மறந்துடுச்சு. தண்ணி வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கிறதைப் போட்டுக்கோங்க.

*

— நாப்பது பாயிண்ட் ஆறுல இருந்தீங்க மேஸ்திரி. இப்போ முப்பத்தெட்டு பாயிண்ட் ஒம்போது. என் கையில எத்தனை விரல்?

— மூணு. எடுத்துடுங்க அந்த ஐஸை, அக்குள் விறைச்சுப் போச்சு.

— இருக்கட்டும். ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடுச்சு, பத்து நிமிஷத்துல வந்துடும். இன்னிக்கு ராத்திரி அங்கதான், சரியா? இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னிருந்தீங்கன்னா வண்டியே தேவைப்பட்டிருக்காது. உங்க மருமக எழுபத்தினாலு கிலோவை முதுகுல போட்டுக்கிட்டு நாப்பது அடி நடந்திருக்கா.

— நான் எழுபத்திரண்டுதான்.

— எழுபத்தினாலு மாமா. எனக்குத் தெரியாதா?

— சிஸ்டர், இவளுக்கு எவ்வளவு?

— உங்களை இறக்கி வச்ச உடனே பாத்தேன். முப்பத்தெட்டு பாயிண்ட் மூணு.

— என்னைச் சுமந்த பிறகா?

— சுமந்த பிறகு.

— பாத்தீங்களா சிஸ்டர்? என் மருமக.

— நேத்து வெளியிலிருந்து வந்தவளா இருந்தேன்.

— பேச்சைப் பாருங்களேன். அந்தத் தெர்மாமீட்டரைத் திரும்ப இவ வாயில வையுங்க.

— அதை விடுங்க. உங்க பேன்ட் பாக்கெட்ல இந்த மாத்திரை அட்டை இருந்துச்சு. சளி மாத்திரை. இதைப் போட்டா தூக்கம் வரும், மூக்கு காயும். உங்களுக்கு எங்க சளி?

— இல்ல.

— இல்லன்னா எதுக்கு? இது மூக்கை மட்டும் காய வைக்காது மேஸ்திரி. வாயைக் காய வைக்கும், கண்ணை மங்கலாக்கும், தோலைக் காய வைக்கும். உலை முன்னாடி நிக்கிற ஆளுக்கு இது விஷம். உடம்பு வேர்க்கணும்னு துடிக்கும், இது குழாயை மூடிடும். எத்தனை போட்டீங்க?

— ஒன்பது நாளா காலைல ஒண்ணு. இன்னிக்குக் கடைசி நாளாச்சேன்னு மூணு.

— தெரிஞ்சேவா போட்டீங்க?

— ஒரு தடவை சளிக்குப் போட்டப்போ பாத்தேன். அன்னிக்குப் பூரா வேர்க்கல. அதான்.

— மாமா, உங்களுக்குத்தான் வேர்க்கவே வேர்க்காதே. அப்புறம் எதுக்கு மாத்திரை?

— ...சிஸ்டர், அந்தக் காகிதம் எங்க? இவ காகிதம்.

— இப்போ எதுக்கு? படுங்க.

— வண்டி வர்றதுக்குள்ள எழுதணும். எனக்கு எழுத்து தெரியல. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.

— மாமா, நான் ரெண்டு மணி நேரம் நிக்கல. இரக்கப்பட்டு நீங்க போடற கையெழுத்து எனக்கு வேண்டாம்.

— யாரு இரக்கப்பட்டா? எழுதுங்க சிஸ்டர். நேரம், ஒரு மணி நாப்பத்தெட்டு நிமிஷம். கோட்டைத் தாண்டினாங்க.

— எழுதிட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. விபத்துன்னு எழுதினா நாளைக்கே மறுபடி நிக்க விடலாம்னு விதி இருக்கு. ஆனா என்ன விபத்துன்னு எழுதணும். மேனேஜர் படிப்பார். நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டுவாங்க.

— எழுதுங்க. உலை மேஸ்திரி, சூடு தாங்காம மயங்கினார்.

— மேஸ்திரி...

— எழுதுங்கறேன். இருபத்தாறு வருஷம் நின்னவர்னும் சேத்துக்கோங்க. படிக்கறவனுக்கு நல்லாப் புரியட்டும். அவரைச் சுமந்துட்டு வந்தவங்க சூடு முப்பத்தெட்டு பாயிண்ட் மூணு. எழுதியாச்சா?

— எழுதியாச்சு.

— நாளைக்கு மறுபடி நிக்க அனுமதி. என்னால பக்கத்துல நிக்க முடியாது. அதனால பக்கத்துல நிக்க வேண்டிய ஆள்... லேபிள் பிரிவுல இருக்கிற என் பிள்ளைன்னு எழுதுங்க. அவனும் முதல் நாள்லருந்து ஆரம்பிக்கட்டும்.

— அவர் வர மாட்டார் மாமா.

— ஏன்? நாலு வருஷம் ஆச்சு. பயம் போயிருக்காதா?

— பயமா? ஆறாவது நாள் அவர் ஏன் விழுந்தார்னு என்னிக்காவது கேட்டீங்களா?

— உடம்புல தெம்பு இல்ல, விழுந்தான்.

— அந்த ஆறு நாளும் அவர் காலைலருந்து தண்ணி தொடல மாமா. குடிச்சா வேர்க்குமே, சட்டை நனையுமேன்னு. எங்க அப்பா சட்டை ஒரு நாள்கூட நனைஞ்சதில்ல, அவருக்கு இருக்கிற உடம்பு எனக்கு வாய்க்கலன்னு என்கிட்ட சொல்லி அழுதார். கல்யாணம் ஆன புதுசுல. அதான் நான் உலைக்கு வரணும்னு நின்னேன். என்ன உடம்பு அது, பக்கத்துல நின்னு பாத்துடணும்னு.

— தண்ணி குடிக்கலையா?

— ஒரு வாய் குடிக்கல.

— என்கிட்ட சொல்லலையே அவன்...

— உங்ககிட்ட எப்படிச் சொல்வார்?

— மேஸ்திரி, பேசினது போதும். ஹாரன் கேக்குது, வண்டி வந்துடுச்சு. அந்த ஈரச் சட்டையைக் குடுங்க, உங்களுக்கு வேற சட்டை தரேன்.

— வேண்டாம். இது இருக்கட்டும். இதோடயே என்னைத் தூக்கிட்டுப் போங்க, ஷெட்டு வழியா. எல்லாரும் பாக்கட்டும்.

— ஷெட்டு வழியா ஸ்ட்ரெச்சர் திரும்பாது.

— திரும்பும், நான் வழி சொல்றேன். ஏம்மா, இங்க வா. என் இடுப்புக் கயித்துல ஒரு சாவி இருக்கு, அவுத்துக்கோ.

— என்ன சாவி மாமா?

— அதை என் பிள்ளை கையில குடு. குளிக்கிற ரூமுக்குப் பின்னாடி, கடைசி லாக்கர். அவனே போய்த் திறக்கட்டும், நீயும் கூடப் போ.

— உள்ள என்ன இருக்கு?

— ஏழு சட்டை. எல்லாம் இதே நிறம், இஸ்திரி போட்டு மடிச்சது. அடியில ஒரு பை இருக்கும், அதுல நனைஞ்சதைப் போடுவேன். அரை மணிக்கு ஒண்ணு மாத்தினேன்னு சொல்லு அவன்கிட்ட, இருபத்தாறு வருஷமா.